க்ரேன் பூமை பிடிச்சு நிறுத்தற ரோப், பென்டன்ட், மாஸ்ட்: டிசைன்ல அடிக்கடி வர்ற கேள்விகள்

இங்க பேசறது லாட்டிஸ் பூம் க்ரேன் பத்தி, அதாவது லோடு தொங்கற, பைப் பைப்பா பின்னின நீள கைதான் பூம், அது அடியில ஒரு பின்ல (இரும்பு அச்சாணி) ஆடும், நுனியை ரோப் பிடிச்சிருக்கும். ஹைட்ராலிக் சிலிண்டர் வச்ச டெலஸ்கோப்பிக் பூம் வேற ஜாதி, அதை தொடல.

பூமை எதுக்கு ரோப்ல பிடிக்கணும், அடியிலயே கெட்டியா பிடிச்சா என்ன?

பிடிக்கலாம், டெலஸ்கோப்பிக் க்ரேன் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுது, அதுக்கு விலையா பெட்டி மாதிரி கனமான பூமை சுமக்குது. 20 மீட்டர் தள்ளி 20 டன் தொங்கினா அடியில 400 டன்-மீட்டர் வளைவு வரும், அதை பூமே தாங்கணும்னா இரும்பு எக்கச்சக்கமா போகும். நுனியை ரோப்ல (இதுக்குத்தான் பென்டன்ட்னு பேரு) பிடிச்சு இழுத்துட்டா அந்த வளைவு பூமுக்கு வராது, பூமுக்கு வர்றது பெரும்பாலும் நீளவாக்குல அமுக்கம் மட்டும்தான். அமுக்கத்துக்கு நாலு மூலையில நாலு பைப்பும் நடுவுல குறுக்கு பின்னலும் போதும், அதான் பூம் அவ்ளோ நீளமா இருந்தும் லைட்டா இருக்கு.

இதுல ஒரு விஷயம் மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, ரோப் இழுக்கும், தள்ளாது. கீழ வர்ற தலைவலி பாதி இதுலேர்ந்துதான் வருது.

பென்டன்ட்ல எவ்ளோ டென்ஷன் வரும்னு எப்படி கணக்கு போடறது?

பூம் அடி பின்னை சுத்தி மொமென்ட் (விசை பெருக்கல் தூரம்) எடுங்க, அவ்ளோதான். ஒரு உதாரணத்தை எடுத்து கடைசி வரைக்கும் அதையே வச்சுப்போம். பூம் 40 மீட்டர், 60 டிகிரில நிக்குது, அதனால நுனி அடி பின்லேர்ந்து 20 மீட்டர் முன்னால இருக்கு. லோடு 20 டன் (ஹூக், தூக்கற ரோப் எல்லாம் சேர்த்து), பூம் எடை 8 டன், அது நடுவுல 10 மீட்டர்ல இருக்கறதா வைங்க. மொத்தம் 400 + 80 = 480 டன்-மீட்டர்.

இதை எதிர்த்து நிக்கறது பென்டன்ட் மட்டும்தான், அதோட கை எதுன்னா அடி பின்லேர்ந்து பென்டன்ட் கோட்டுக்கு செங்குத்தா இருக்கற தூரம். பென்டன்ட்டை பின்னாடி பிடிக்கற ஏ-ஃப்ரேம் (ஏ எழுத்து மாதிரி நிக்கற ஆடாத சட்டம்) தலை 5 மீட்டர் உயரத்துல, 4 மீட்டர் பின்னால இருந்தா அந்த தூரம் சுமார் 6.3 மீட்டர்தான் வரும். 480-ஐ 6.3-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 77 டன். தூக்கறது 20 டன், இழுவை 77 டன். புதுசா பாக்கறவங்க இங்கதான் மிரள்வாங்க, துணி காயப்போடற கயிறை விறைப்பா இழுத்து கட்டிட்டு நடுவுல ஒரு ஈர போர்வையை போட்டா ஆணி பிடுங்கிட்டு வர்றதும் இதே கணக்குதான், கோணம் சின்னதானா இழுவை எகிறும்.

அப்போ தடி ரோப் போட்டா முடிஞ்சுதா?

இல்ல, முதல்ல கோணத்தை சரி பண்ணுங்க, ரோப் தடிமன் கடைசி கேள்வி.

அதே க்ரேன்ல ஏ-ஃப்ரேமுக்கு பதிலா 10 மீட்டர் மாஸ்ட் (அடி பின்லயே ஆடற கம்பம்) போட்டு அதோட தலையை 8 மீட்டர் உயரத்துல, 6 மீட்டர் பின்னால வைங்க. கை 6.3-லேர்ந்து 9.9 மீட்டர் ஆகுது, டென்ஷன் 77-லேர்ந்து 49 டன்னுக்கு இறங்குது. இதைவிட பெரிய லாபம் பூமுக்கு. பென்டன்ட் இழுக்கற இழுவையில பெரும்பகுதி பூமை நீளவாக்குல அமுக்கத்தான் போகுது, ஏ-ஃப்ரேம் கேஸ்ல பென்டன்ட்டுக்கும் பூமுக்கும் நடுவுல 9 டிகிரிதான், அதனால 76 டன் அமுக்கம் அங்கேர்ந்தே வருது, லோடோட பங்கு 17 டன், ஆக சுமார் 93 டன். மாஸ்ட் போட்டா கோணம் 14 டிகிரி ஆகி மொத்த அமுக்கம் 64 டன்னுக்கு வந்துடும். பூம் எடையோட பங்கும், லோடை தூக்க வின்ச்சுக்கு (ரோப்பை சுத்தி இழுக்கற உருளை மெஷின்) போற ரோப்போட இழுவையும் இதுக்கு மேல வரும், ஆனா வித்தியாசம் புரியறதுக்கு இது போதும். அதே பைப், அதே பின்னல், ஆனா மூணுல ஒரு பங்கு அமுக்கம் குறைஞ்சிருக்கு, பூம் டிசைனர் உங்களுக்கு நன்றி சொல்லுவார்.

மாஸ்ட் போட்டா வின்ச் பக்கமும் அதே அளவு லோடு குறையுமா?

குறையாது, இங்க நிறைய பேர் ஏமாறுவாங்க. மாஸ்ட் தலையிலேர்ந்து பின்னாடி கீழ, பூம் ஏத்தற வின்ச்சுக்கு போற ரோப் கட்டோட கை வேற. அது அடி பின் மட்டத்துல 7 மீட்டர் பின்னால கட்டியிருக்குன்னு வச்சா கை சுமார் 7 மீட்டர், இழுவை 480/7, அதாவது 69 டன். பென்டன்ட்ல 49, பின்னாடி ரோப் கட்டுல 69, மாஸ்ட்டுக்குள்ள 42 டன் அமுக்கம். ஏ-ஃப்ரேம்ல 77 இருந்தது இங்க 69, அவ்ளோதான் வித்தியாசம். லாபம் பென்டன்ட்டுக்கும் பூமுக்கும், வின்ச்சுக்கு பெருசா இல்ல.

69 டன்னை 8 வரி ரோப்ல பிரிச்சா, ஷீவ் (கப்பி) உராய்வுக்கு ஒரு பத்து சதவீதம் விட்டா, வின்ச் ஒரு வரில இழுக்க வேண்டியது சுமார் 9.6 டன். வரியை கூட்டினா இழுவை குறையும், ஆனா பூம் ஏறுற வேகமும் குறையும், ட்ரம்ல சுத்தற ரோப் நீளமும் கூடும். ஷீவ் விட்டம் ரோப் விட்டத்தைவிட எத்தனை மடங்குன்னும் பாருங்க, அமெரிக்க க்ரேன் தரநிலையான ஏ.எஸ்.எம்.இ பி30.5 பூம் ஏத்தற ஷீவுக்கு குறைஞ்சது 15 மடங்கு கேக்குது.

சரி, இப்பவாவது ரோப் சைஸ் சொல்லுங்க.

சொல்றேன். 40 மில்லிமீட்டர், 6x36 கட்டு (6 புரி, புரிக்கு 36 கம்பி), ஸ்டீல் கோர், 1770 கிரேடு ரோப்போட குறைஞ்சபட்ச அறுபடு பலம் சுமார் 1008 கிலோநியூட்டன், அதாவது 102 டன்னுக்கு கிட்ட. பென்டன்ட் மாதிரி ஓடாம நிக்கற ரோப்புக்கு பி30.5 வேலை நேரத்துல 3.0 பாதுகாப்பு ஃபேக்டர் கேக்குது, ஷீவ்ல ஓடற ரோப்புக்கு 3.5. பூமை தரையிலேர்ந்து தூக்கி நிறுத்தற நேரத்துக்கு மட்டும் 2.5-உம் 3.0-உம் போதும்னு விடுது. 102-ஐ மூணால வகுத்தா ஒரு பென்டன்ட்டுக்கு 34 டன். ரெண்டு போட்டா 68.

இப்ப மேல போன கணக்கை பாருங்க, ஏ-ஃப்ரேம் கேஸ் 77 டன், ரெண்டு ரோப் பத்தாது, ஒண்ணு ரோப் தடிமனை ஏத்தணும் இல்ல நாலு ரோப் போட்டு அது நாலும் சமமா பங்கு எடுக்குதான்னு கவலைப்படணும். மாஸ்ட் கேஸ் 49 டன், ரெண்டே ரோப், ஆளுக்கு 24.5, வேலை முடிஞ்சுது. நாலு மீட்டர் மாஸ்ட் கூட்டினதுல ரோப், சாக்கெட் (ரோப் முனையை பிடிக்கற இரும்பு கூடு), பின் எல்லாம் ஒரு சைஸ் இறங்குது. ஆனா இது நிலையான லோடு, தூக்கும்போது வர்ற குலுக்கலுக்கான டைனமிக் ஃபேக்டரை மேல போட்டுட்டுதான் கடைசி முடிவு எடுக்கணும்.

லோடே இல்லாம பூமை தரையிலேர்ந்து தூக்கும்போது ஏன் இவ்ளோ பதட்டப்படறாங்க?

ஏன்னா நிறைய நீள பூமுக்கு அதுதான் மோசமான கேஸ். பூம் தரையில படுத்திருக்கு, எடை 8 டன் 20 மீட்டர்ல இருக்கு, 160 டன்-மீட்டர். நிலையான ஏ-ஃப்ரேம்னா படுத்த பூமுக்கு கை 4.5 மீட்டரா சுருங்கிடும், ஹூக்ல ஒண்ணுமே இல்லாம 35 டன் டென்ஷன். பூமோட சேர்ந்தே சாயற மாஸ்ட்னா பென்டன்ட் நீளம் மாறாது, அந்த முக்கோணம் அப்படியே இருக்கும், கை 9.9-ஏதான், பென்டன்ட்ல 16 டன்தான். ஆனா பின்னாடி ரோப் கட்டுல அங்கயும் 35 டன்னுக்கு மேல வந்துடும், வின்ச் தப்பிக்காது. நம்ம பூம் 40 மீட்டர்தான், 100 மீட்டருக்கு மேல போகும்போது பூம் எடையே எல்லாத்தையும் முடிவு பண்ணும், தூக்கற லோடு ரெண்டாம்பட்சம்.

ரோப் நீளுமே, அது எவ்ளோ பாதிக்கும்?

நினைக்கறதைவிட நிறைய. நம்ம பென்டன்ட் 37 மீட்டர், 24 டன் டென்ஷன்ல ஒரு 12 சென்டிமீட்டர் நீளும் (ரோப்போட உண்மையான இரும்பு பரப்பு 730 சதுர மில்லிமீட்டர், விறைப்பு 100 கிகாபாஸ்கல்னு எடுத்தா), அதுல லோடு ஏறினதால மட்டும் வர்றது 10 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர்தானேன்னு விட்டுடாதீங்க, பென்டன்ட் பூமோட 14 டிகிரில சேருது, அதனால நுனில அது நாலு மடங்கா பெருகி 40 சென்டிமீட்டர் நகரும், ரேடியஸ் (அடி பின்லேர்ந்து ஹூக்குக்கு இருக்கற கிடை தூரம்) 35 சென்டிமீட்டர் கூடும். லோடு தரையை விட்டு எழும்பற நேரத்துல ஹூக் முன்னால நகர்ந்து லோடு ஆடறது இதனாலதான், நல்ல ஆபரேட்டர் லோடு ஏறஏற பூமை கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்துட்டே இருப்பார், ஹூக் லோடுக்கு நேர் மேலயே நிக்கணும்னு. ஏ-ஃப்ரேம் கேஸ்ல 9 டிகிரி, பெருக்கம் ஆறு மடங்குக்கு மேல.

இது போக புது ரோப்ல புரிகள் இறுகி உக்காரதால வர்ற நிரந்தர நீட்சி ஒண்ணு இருக்கு, ஸ்டீல் கோர்னா கால் சதவீதம்னு வச்சாலே 37 மீட்டர்ல 9 சென்டிமீட்டர். அதனால பென்டன்ட்டை ஆர்டர் பண்ணும்போது முன்கூட்டியே இழுத்து செட் பண்ணி, லோடு வச்சு அளந்த நீளத்தை கேளுங்க. தரையில விரிச்சு டேப் வச்சு அளந்த நீளம் வேலைக்கு ஆகாது.

ரோப் பென்டன்ட்டா, பட்டை இரும்பு பென்டன்ட்டா?

டாங்கி மாதிரி ஓடற பெரிய க்ராலர் க்ரேன்கள்ல இப்ப பட்டை பென்டன்ட்தான் அதிகம், உயர் பலம் ஸ்டீல்ல வெட்டினது, ஒவ்வொரு பூம் துண்டோட தலைமேலயே படுக்க வச்சு லாரில போயிடும், சைட்ல பின் போட்டா போதும். நீட்சி கம்மி, நீளம் துல்லியம், துருவும் விரிசலும் கண்ணுக்கு தெரியும். ரோப்ல உள்ள அறுந்த கம்பி வெளிய தெரியாம இருக்கலாம்.

ஆனா பட்டையோட விறைப்பே அதுக்கு எதிரியாவும் வரும். ரெண்டு பென்டன்ட்ல ஒண்ணு 20 மில்லிமீட்டர் குட்டையா போச்சுன்னு வைங்க. ரோப்னா ரெண்டுக்கும் நடுவுல 4 டன் வித்தியாசம் வரும், ஒண்ணு 26, இன்னொண்ணு 22, தாங்கிக்கும். அதே 20 மில்லிமீட்டர் தப்பு 1500 சதுர மில்லிமீட்டர் பட்டையில வந்தா வித்தியாசம் 17 டன், ஒண்ணு 33, இன்னொண்ணு 16. ரோப்போட நெகிழ்வு தப்பை மன்னிக்கும், பட்டை மன்னிக்காது, ஓட்டை துளைக்கற டாலரன்ஸ்லயே காசு கொட்டணும். தொங்கும்போது பட்டை காத்துல அதிரும், பூமை இறக்கி தொய்வா கிடக்கும்போது பின் ஓட்டை பக்கத்துல வளையும், களைப்பு விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

என் அபிப்ராயம், அடிக்கடி கழட்டி மாட்டற பெரிய க்ரேன்னா பட்டை, சின்ன க்ரேன், டெரிக், நீளம் மாறிட்டே இருக்கற செட்டப்னா ரோப். ரெண்டையும் கலந்து ஒரே பக்கத்துல இணையா போடறது மட்டும் வேண்டாம், விறைப்பானது எல்லா லோடையும் தன் தலையில வாங்கிக்கும்.

நாலு பென்டன்ட் போட்டா ஈக்வலைசர் கட்டாயமா?

ஆமா. ஆடற தகடோ ஷீவோ ஏதாவது ஒண்ணு நடுவுல இருந்து பங்கை சமமாக்கணும். இல்லாட்டி டிசைன்ல நாலு, நிஜத்துல மூணுன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுங்க.

முனையில எந்த சாக்கெட்?

பென்டன்ட்டுக்கு துத்தநாகமோ ரெசினோ ஊத்தின சாக்கெட், இல்ல அமுக்கி பிடிச்ச ஸ்வேஜ் சாக்கெட். ஊத்தின சாக்கெட் சரியா பண்ணினா ரோப்போட முழு பலமும் கிடைக்கும். ஆப்பு வச்ச வெட்ஜ் சாக்கெட்ல முக்கால் பங்குதான் தேறும், யூ-கிளிப் 80 சதவீதம், அதுவும் நட்டு தளராம இருந்தா, அதனால பென்டன்ட்ல ரெண்டையும் நினைச்சுகூட பாக்காதீங்க.

ரோப் சாகறது நடுவுல இல்ல, சாக்கெட் வாய்ல. காத்துல ரோப் அதிரும்போது அந்த இடத்துலதான் மடிஞ்சு மடிஞ்சு நிமிரும், தண்ணி வழிஞ்சு வந்து தேங்கறதும் அங்கதான், கிரீஸ் போகாததும் அங்கதான். ஓஷா (அமெரிக்க பணியிட பாதுகாப்பு அமைப்பு) விதி 1926.1413 இதை புரிஞ்சுதான் எழுதியிருக்கு, நிக்கற ரோப்ல நடுவுல ஒரு முறுக்கு நீளத்துக்குள்ள (ஒரு புரி ரோப்பை ஒரு முழு சுத்து சுத்தற நீளம்) ரெண்டுக்கு மேல கம்பி அறுந்தா கழட்டணும், முனை பக்கம்னா ஒண்ணுக்கு மேல போனாலே கழட்டணும். ஓடற ரோப்புக்கு அது ஆறு வரைக்கும் போகுது. விட்டம் 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலும் ரோப் போச்சு. சாக்கெட் பின்னை ரெண்டு திசையிலயும் ஆடற மாதிரி வைக்க முடிஞ்சா வைங்க, வாய் மடியறது நல்லா குறையும்.

பூம் நேரா நிக்கும்போது பென்டன்ட் தொங்கி ஆடுது, ஆபத்தா?

ஆபத்தோட அறிகுறி. 85 டிகிரில ஹூக் காலியா நின்னா நம்ம பூமோட எடை முன்னால இழுக்கறது வெறும் 14 டன்-மீட்டர், பென்டன்ட் ஒவ்வொண்ணுலயும் முக்கால் டன்கூட இருக்காது. 24 டன்ல 3 சென்டிமீட்டர் தொய்வு இருந்த ரோப் இப்ப அரை மீட்டர் தொய்யும். முன்னால இருந்து அடிக்கற காத்து பூமை நடு உயரத்துல 0.7 டன் அளவுக்கு தள்ளினா போதும், பூம் பின்னால சாஞ்சுடும், ரோப் அதை பிடிக்காது. லோடு திடீர்னு அறுந்து விழுந்தாலும் இதேதான், நீண்டிருந்த ரோப் சுருங்கி பூமை பின்னால வீசும்.

அதுக்குத்தான் பூம் ஸ்டாப், உள்ள ஸ்பிரிங்கோ ஹைட்ராலிக்கோ வச்சு தள்ளி நிறுத்தற கை. அதை கடைசியில சேர்க்கற உதிரி சாமானா நினைக்காதீங்க, ரோப் சப்போர்ட்டோட மறுபாதி அது, லோடு விழுந்து பூம் திரும்பி வர்ற ஆற்றலுக்கு அளந்து டிசைன் பண்ணணும். பூம் மேல் கோணத்துல வின்ச் தானா நிக்கற லிமிட் ஸ்விட்சும் வேணும், இல்லாட்டி வின்ச்சே பூமை ஸ்டாப் மேல வச்சு அமுக்கி மடக்கிடும்.

பக்கவாட்டு லோடை பென்டன்ட் தாங்குமா?

கிட்டத்தட்ட இல்லன்னே வைங்க. பூம் நுனி பக்கவாட்டுல நகர்ந்தா பென்டன்ட் கொஞ்சம் திரும்பி இழுக்கும், பக்கிளிங் (அமுக்கத்துல பூம் வளைஞ்சு நொடியறது) கணக்குல அந்த உதவியை எடுத்துக்கலாம், சுத்தமா ஆதரவில்லாத கம்பத்தைவிட நிலைமை மேல். ஆனா காத்து, ஸ்விங் பிரேக், லோடு சாய்வா இழுக்கறது எல்லாம் பூமோட அகலமும் அடி பின்களோட இடைவெளியும்தான் தாங்கணும். 1999 ஜூலை 14-ல மில்வாக்கியில மில்லர் பார்க் ஸ்டேடியம் கூரையை தூக்கும்போது 'பிக் ப்ளூ'ங்கற ராட்சத க்ரேன் சரிஞ்சு மூணு பேர் செத்தாங்க, அந்த அகலமான கூரை துண்டு மேல காத்து தள்ளற விசையை கணக்குல எடுக்கல. க்ரேனுக்கு மட்டும் காத்து பாத்தா பத்தாது, லோடுக்கும் பாக்கணும்.

நடு பென்டன்ட் எப்ப தேவை?

நீள பூமை படுக்கையிலேர்ந்து தூக்கும்போது நடுவுல தொய்யும், அந்த தொய்வோட அமுக்கமும் சேர்ந்தா வளைவு பெருகிட்டே போகும். நடுவுல ஒரு பென்டன்ட் பிடிச்சா சரியாகும், ஆனா அதை ஓவரா இறுக்கினா பூம் மேல் பக்கமா வளையும், பூமோட சொந்த எடையை தாங்கற அளவு போதும். இன்னொரு வழி நுனியில, பென்டன்ட் கோடும் லோடு கோடும் சேர்ந்து தர்ற விசை பூம் அச்சுக்கு துளி கீழ போற மாதிரி பின்களை வச்சா பூம் மேல் பக்கம் வளைஞ்சு தொய்வை கொஞ்சம் ஈடுகட்டும். அதே விசை அச்சுக்கு மேல போனா தொய்வு கூடும், ட்ராயிங்ல பின் ரெண்டு இன்ச் மாறினா என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறவங்களுக்கு இதான் பதில்.

டைனீமா மாதிரி ஃபைபர் ரோப் போட்டா எடை மிச்சமாகுமே?

ஆகும், தண்ணில மிதக்கற அளவுக்கு லைட். ஆனா எப்பவும் டென்ஷன்லயே இருக்கற பென்டன்ட்டுக்கு அதோட பெரிய பிரச்சனை க்ரீப், லோடுல நின்னுட்டே இருந்தா மெதுவா நிரந்தரமா நீளும். உருகுற வெப்பம் சுமார் 150 டிகிரி செல்சியஸ்தான், பக்கத்துல வெல்டிங் நடந்தா போச்சு. கொஞ்ச நேரத்துக்கு லோடு பிடிக்கற ஸ்லிங், டேக் லைனுக்கு அருமை, பூமை வருஷக்கணக்கா பிடிக்க நான் போடமாட்டேன்.

கழட்டும்போது என்ன கவனிக்கணும், அது டிசைனர் வேலையா?

டிசைனர் வேலையும்தான். பென்டன்ட் டென்ஷன்ல இருக்கும்போது அதோட பின்னை எடுக்கக்கூடாதுன்னு ஓஷா தெளிவா சொல்லுது, இருந்தாலும் பூமுக்கு அடியில நின்னு சுத்தியல்ல பின்னை தட்டி ஆள் செத்த கதை திரும்ப திரும்ப வருது. பின்னை வெளியிலேர்ந்து உள்ள தட்டற மாதிரி வச்சா ஆள் பூமுக்கு வெளிய நின்னு தட்டுவான், உள்ளேர்ந்து வெளிய தட்டற மாதிரி வச்சா தானா உள்ள போயிடுவான். இது ட்ராயிங் போடற டேபிள்லயே முடிவாகுற விஷயம்.

சாஃப்ட்வேர்ல ரோப்பை எந்த எலிமென்ட்டா போடறது?

டென்ஷன் மட்டும் எடுக்கற கேபிள் எலிமென்ட். சாதா ட்ரஸ் மெம்பரா போட்டா 85 டிகிரி காத்து கேஸ்ல சாஃப்ட்வேர் ரோப்பை தள்ள விட்டு பூமை அழகா நிறுத்தி காட்டும், ரிசல்ட்ல பென்டன்ட் ஃபோர்ஸ் மைனஸ்ல இருந்தா அங்கயே நிறுத்திட்டு மாடலை மாத்துங்க. தொய்வால விறைப்பு குறையறதை எர்ன்ஸ்ட் 1965-ல சொன்ன சமமாக்கின விறைப்பு ஃபார்முலாவுல எடுக்கலாம், தொய்வோட பங்கு டென்ஷனோட மூணாம் அடுக்குக்கு தலைகீழா போகும், அதனால முழு லோடுல கண்டுக்க வேண்டியதே இல்ல, காலியா நிமிர்ந்து நிக்கும்போதுதான் அது பேசும். பூமுக்கு இரண்டாம் நிலை கணக்கை கண்டிப்பா ஆன் பண்ணுங்க, லீனியர்ல ஓட்டின ரிசல்ட்ல நுனி நகர்ந்ததால கூடின ரேடியஸ் வரவே வராது, நம்ம உதாரணத்துல அது மட்டுமே 20 டன்னுக்கு 7 டன்-மீட்டர்.